எத்தனை லிட்டர்

எத்தனை கிலோ என்றுதான்
எல்லோரும் முதலில் கேட்டார்கள்.
நாளைக்கு இரண்டு லிட்டர் என்றேன்.
அக்கா, நான் கேட்டது எடை
என்றது ஒரு குரல், சிரம்பானிலிருந்து.
போனை வைத்துவிட்டேன்.

பகாவ் கிளினிக்கில் சொன்னார்கள்
மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுகிறதாம்.
பதினோரு வருசம், நாளைக்கு இரண்டு வேளை,
பத்தொன்பது மடி.
டாக்டர் சின்னப் பெண்.
கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு
கறப்பதை நிறுத்துங்கள் என்றாள்.
ஆட்டிடம் யார் சொல்வது என்றேன்.

இரவில் விரல்கள் என்னுடையவை இல்லை.
பால் போத்தல் மூடியைப்
பல்லால் கடித்துத் திறந்தேன்.
வாடிக்கைக்காரர்கள் பார்க்காத நேரம் பார்த்து.

பிறந்த அன்று என்ன நடந்ததோ
அதுதான் பெயர் எங்கள் பட்டியில்.
தேர்தல், வெள்ளம், சம்பளம்.
மூன்று நாள் இருட்டுக்குப் பிறகு
விளக்கு எரிந்த ராத்திரியில் விழுந்தவள் கரண்டு.
ஆறாம் பிரிவுச் செம்பனைக்குள் நின்று
சம்பளம்! சம்பளம்! என்று நான் கத்த,
புதிதாக வந்த வங்காளதேசத்துப் பையன்கள்
ஓடிவந்து வரிசையில் நின்றதுண்டு.
தமிழில் அவர்கள் முதலில் கற்ற சொல் அது.

சிகு ரொஹானா ஆறு எடுத்தாள்.
பிள்ளை மாதிரிப் பார்ப்பேன் என்று
அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.
புழு மருந்து எத்தனை மாதத்துக்கு ஒருமுறை,
தவிடு எந்தக் கடை, மழையில் குளம்பு அழுகினால்
என்ன பூசுவது என்று
நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.
அதனால் கொடுத்தேன்.

ரொம்பின் லியோங்குக்கு நான்கு.
பசும்பால் குடித்தால் அவன் மகனுக்கு
உடம்பெல்லாம் தடிக்கும்.
அவன் மூன்றுதான் கேட்டான்.
தேர்தலும் வெள்ளமும் பிரிந்தால்
தண்ணீர்கூடக் குடிக்காது என்று பொய் சொல்லி
இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றினேன்.
சாலை முனை திரும்பும்வரை
ஒன்றையொன்று முட்டிக்கொண்டே போயின.

மீதி ஒன்பதும் கோலப்பிலா அண்ணன் தம்பிக்கு.
தவசீலன் பெரியவன், பேச மாட்டான்.
சம்பளத்தின் காதைத் தடவிப் பார்த்துவிட்டு
பணத்தை எண்ணாமல் நீட்டினான்.
நான் எண்ணினேன்.

கரண்டு உதைப்பாள் என்பதை மட்டும்
சிகுவிடம் சொல்லவில்லை.

கிடா இரண்டு.
பால் இல்லை, நாற்றம், வேலியை முறிக்கும்.
பட்டியில் இரண்டே நின்று
காலி இடத்தைப் பார்த்துக் கனைத்தன.
மூன்றாவது வாரம் கேட்டரிங் குணாளன்
லோரியை வாசலில் நிறுத்தினான்.
எத்தனை கிலோக்கா.
இந்த முறை சொன்னேன்.
கிலோவுக்கு இரண்டு ரிங்கிட் ஏற்றியும் பேசினேன்.
ஒரு கிடாவுக்கு ஒரு கை,
ஆஸ்பத்திரிக் கணக்கு சரியாக வந்தது.
அந்த வாரம் யார் வீட்டுக் கல்யாணம் என்று
விசாரிக்கவில்லை.
அழைப்பு வந்திருந்தது, போகவில்லை.

வலது கைக்குக் கட்டுப் போட்டு நான்காம் நாள்
விடிகாலை ஐந்துக்கு போன்.
சிகு ரொஹானா.
வாளியை மூன்றாம் முறை உதைத்துவிட்டாள்,
இறக்கவே மாட்டேன் என்கிறாள் கக்கா,
என்ன செய்ய?
நான் விழித்துத்தான் கிடந்தேன்.
எந்த ஆடு என்று கேட்கவில்லை.
போனை அவள் காதுக்கிட்ட வை என்றேன்.
வைத்தாள்.
பதினோரு வருசமாகக் காலையில் வைத வசவை
ஒரு சொல் குறைக்காமல் வைதேன்.
பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.
மூச்சு.
பிறகு வாளியின் அடியில்
முதல் பீச்சு, தகரத்தில் ஆணி விழுந்த மாதிரி.
பிறகு இன்னொன்று. பிறகு நிற்கவில்லை.
கட்டுத் துணிக்குள் என் விரல்கள்
ஒவ்வொன்றாய் மடங்கப் பார்த்தன.
தையல் இழுத்தது.

நீங்கள் சொன்னதற்கு என்ன அர்த்தம்,
எழுதிக்கொள்கிறேன் என்றாள் சிகு.

அதை விடு என்றேன்.
எத்தனை லிட்டர், அதைச் சொல்.